ஊசி படாத ரவிக்கை

மாசி மாதத்தில் மஸ்கெலியாப் பக்கம் வந்தவர்கள் பார்த்திருப்பார்கள். நீர்த்தேக்கம் வற்றினால் அடியில் மூழ்கிக் கிடக்கிற பழைய டவுனின் கோவில் மெல்லத் தலையை நீட்டும். முதலில் உச்சி தெரியும், பிறகு சுவர், பிறகு பாசி பிடித்த படி. மழை கொடுக்கிறதைவிட மின்சாரத்துக்கு எடுக்கிற தண்ணீர் கூடினால் அப்படித்தான் ஆகும், அதற்குச் சாபம் எதுவும் தேவையில்லை. இருந்தாலும் கோவில் முழுசாகத் தெரிகிற வருஷம் யாரோ ஒருவருக்கு ஆகாது என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. கஜேந்திரன் மெலியத் தொடங்கியது அப்படியான ஒரு வருஷத்தில்.

கஜேந்திரனைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மஸ்கெலியா பஸ் ஸ்டாண்டில் பச்சை ஓட்டோ வைத்திருக்கிறான், முன்கண்ணாடியில் முருகன், பின்கண்ணாடியில் மயில் மட்டும். ஓட்டோவுக்கு முந்தி அவன் கவ்வாத்துக்காரன். தேயிலைச் செடியை முழங்காலளவுக்கு வெட்டி இறக்குகிற வேலை. அவன் கத்தியை ஓங்கினால் பக்கத்து மலைச் செடிகள் பயத்தில் தானாகவே ஒடிந்து விழும் என்று ஊரில் சொல்வார்கள். ஊர் என்ன ஊர், நான்தான் சொன்னேன். ஆனால் அவன் சாப்பாட்டைப் பற்றி நான் கூட்டிச் சொல்ல ஒன்றுமே இல்லை. அவன் பெண்சாதி சர்மிளா சுடுகிற தேங்காய் ரொட்டி ஒவ்வொன்றும் அம்மிக்கல்லின் தங்கச்சி. அதில் ஐந்தை அடுக்கி, மிளகாய் இடித்த கட்டச் சம்பலை அள்ளி வைத்து, விடிய ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம் உள்ளே தள்ளுவான். வெட்டு மலையில் ஒரு பொழுது நின்றால் அத்தனையும் வேர்வையாய் ஓடிவிடும். ஆள் முறுக்கிய கயிறு மாதிரி இருப்பான்.

முழங்கால் தகராறு பண்ண, கத்தியை வைத்துவிட்டு ஓட்டோவில் ஏறினான். மலையை விட்டான், ரொட்டியை விடவில்லை. அதே ஐந்து. அதற்கு மேலே ஸ்டாண்டில் மீன் அடைத்த மாலு பான், வடை, சீனி அடியில் படிந்து கிடக்கிற தேத்தண்ணி. வேலையோ கையைத் திருப்புவதும் காலை அழுத்துவதும். வரவு அப்படியே இருந்து செலவு நின்றால் நீர்த்தேக்கம் என்ன ஆகும்? ஏறும். ஏறியது. வயிறு முதலில் பெல்ட்டைத் தாண்டியது, அப்புறம் ஹேண்டில்பாரைத் தொட்டது. இடது பக்கம் திரும்பும்போது வயிற்றால் திருப்புகிறான் என்று ஸ்டாண்டில் பேச்சு.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. கஜேந்திரன்தான் எங்கள் தோட்டத்து ரதி.

மாசி மூன்றாம் பிறை கண்டு பொட்டலில் காமன் கூத்துக்குக் காமன் கம்பம் ஊன்றினால், ரதிக்கும் மதனுக்கும் கல்யாணம் முடித்து, தப்படித்து, நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளை லயம் லயமாகச் சுற்றிக் கூட்டிப் போவோம். இரண்டு வேஷமும் ஆண்கள்தான் கட்டுவது. கைப்பிள்ளையாய் வலிப்பில் நீலம் பாரித்துக் கிடந்தபோது, "பிள்ளை பிழைச்சா ரதி கட்டுவான்" என்று கஜேந்திரனின் அம்மா நேர்ந்துவிட்டாள். பிழைத்தான். பழைய ரதி சின்னத்தம்பி போய்ச் சேர்ந்த பிறகு, மீசை அரும்பின வயசில் இவன் கட்டத் தொடங்கினான். நேர்த்தியை உயிர் இருக்கிறவரை விட முடியாது.

ரதிக்கு ஒரு ரவிக்கை உண்டு. இரத்தச் சிவப்பு வெல்வெட், கையில் சரிகை. யார் தைத்தது என்று யாருக்கும் தெரியாது, இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது என்பார்கள். அதைக் காமன் மாஸ்டர் சோலைமலை தன் தகரப் பெட்டியில் வேப்பிலை போட்டு வைத்திருந்தார். ஆட்டம், பாட்டு, சடங்கு எல்லாம் சொல்லிக்கொடுக்கிறவர் அவர். செத்துப்போன சின்னத்தம்பிக்குக் கூடப்பிறந்த அண்ணன். ரவிக்கைக்கு அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: ஊசி படக்கூடாது. பிரிக்கவும் கூடாது, பிடிக்கவும் கூடாது.

"ஒருக்கா ஊசி பட்டுச்சு. அந்த வருசம் தோட்டத்து மேலைக் கணக்குப் பக்கம் மலை எறங்குச்சு. ஒரு லயமே மண்ணுக்குள்ள போச்சு. வேணுமா உங்களுக்கு?"

யாருக்கு வேண்டும்? மழை இரண்டு நாள் பிடித்தாலே படுக்கையைச் சுருட்டிக்கொண்டு ஸ்கூலுக்கு ஓடுகிற சனம் நாங்கள். ஊசி என்கிற சொல்லையே அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை.

மெலியத் தொடங்கினதற்கு முந்தின வருஷம் கஜேந்திரன் மூச்சை உள்ளே இழுத்துத்தான் கொக்கி மாட்டினான். மதன் பாட்டு நீண்டுகொண்டே போனது, இவன் மூச்சு விடவில்லை, முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது. "என்னா உருக்கம், என்னா உருக்கம்" என்று பொம்பளைகள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அடுத்த வருஷம் பொங்கல் முடிந்து, ரவிக்கையை வெயிலில் காயவைத்த அன்றைக்குப் போட்டுப் பார்த்தான். முன்பக்கம் இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்கக்கூட இல்லை. நடுவில் ஒரு சாண்.

சோலைமலை பார்த்தார். ரவிக்கையைக் கழற்றி மடித்துப் பெட்டியில் வைத்தார்.

"காமன் ஊன்றதுக்குள்ள ஒடம்பை எறக்கிரு தம்பி. இல்லாட்டி இந்த வருசம் ரதி இல்ல. ரதி இல்லாம காமன் ஊன்றது எப்பிடி?"

"எறக்கிர்றேன் மாமா."

"நேர்ந்துவிட்ட உசுரு. நெனப்பு இருக்கட்டும்."

கடைசியாகச் சொன்ன அந்தச் சொல் கஜேந்திரனோடு வீட்டுக்கு வந்தது. அது போகவே இல்லை.

தோட்டத்து மருந்துக்கார ஐயாவிடம் முதலில் கேட்டுப் பார்த்தான். அவர் நல்ல மனுஷன், சுருக்கமாகச் சொன்னார். "சாப்பாட்டுல கொஞ்சம் குறை. ரொட்டி அஞ்சை மூணாக்கு. சீனியை விடு. ஏத்தத்துல நட. செலவு வரவைவிடக் கொஞ்சம் கூட இருந்தா போதும், தானா எறங்கும். ஆனா மெதுவாத்தான் எறங்கும். வருசக் கணக்கா ஏத்துனதை ஒரு மாசத்துல எறக்கப் பாக்காத."

"மாசிக்குள்ள வேணும் ஐயா."

"எந்த மாசி?"

இவன் படியிறங்கி வந்துவிட்டான். ஐந்து ரொட்டி மூன்றாகவில்லை. அன்றிலிருந்து காலையில் சீனி போடாத வெறும் தேத்தண்ணி, மத்தியானம் ஒரு வாழைப்பழம், இரவுக்கு இன்னொரு வெறும் தேத்தண்ணி. அதற்கு மேலே, ஓட்டோவை ரோட்டில் நிறுத்திவிட்டு மேட்டு லயம் வரைக்கும் ஏறி இறங்கினான். விரதம் என்றான். விரதம் என்றால் யார் தடுப்பது?

நிறை பார்க்க எங்களுக்கு ஏது மெஷின்? கொழுந்து மடுவத்தில், அந்த நிறுவைக் கொட்டகையில், தொங்குகிற தராசுதான். கொழுந்து நிறுக்கிற கிஷாந்த் தராசுக் கொக்கியில் படங்குச் சாக்கைக் கட்டி, கஜேந்திரனை அதில் குந்தவைத்துத் தூக்கினான். தேயிலைக் கூடையோடு வரிசையில் நின்ற பொம்பளைகளுக்கு அன்றைக்குத் திருவிழா.

"சாக்குக்கு ரெண்டு கழி, தண்ணிக்கு மூணு கழி கிஷாந்த்!"

"முத்தல் எலையா இருக்குதே தம்பி, பேக்டரில எடுப்பாங்களா?"

"எடுத்து அரைச்சாலும் தூளு தேறாது அக்கா," என்றான் கிஷாந்த்.

முதல் வாரம் முள் சரசரவென்று இறங்கியது. கஜேந்திரனுக்குத் தலைகால் புரியவில்லை. பாக்டரி மாடியில் பச்சைக் கொழுந்தை விரித்துக் காற்றடித்தால் ஒரு பொழுதில் பாதி நிறை போய்விடும், போகிறது எல்லாம் தண்ணீர் என்று இங்கே கைப்பிள்ளைக்கும் தெரியும். உடம்பும் பட்டினியின் முதல் வாரத்தில் அப்படித்தான் வாடும், இறங்குவதில் பெரும்பங்கு தண்ணீர்தான். கொழுந்துக்குத் தெரிந்ததைத் தனக்கும் வைத்துப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. அடுத்த வாரம் முள் நொண்டியது. அதற்கடுத்த வாரம் நின்ற இடத்தில் நின்றது. ஆள் பயந்துபோய் வாழைப்பழத்தையும் விட்டான்.

அப்புறம்தான் கோவில் தெரியத் தொடங்கினது. நீர்த்தேக்கத்துக் கோவிலும், கஜேந்திரன் முகத்துக்குள் இருந்த இன்னொரு முகமும்.

கன்னம் உள்ளே போனது. கழுத்தில் இரண்டு நரம்பு கயிறாகத் தெரிந்தது. வெயில் காய்கிற நேரத்திலும் இரண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கினான். தலை வாரினால் சீப்போடு முடி வந்தது. ஸ்டாண்டில் ஆளை ஏற்றிக்கொண்டு எங்கே போகவேண்டும் என்று இரண்டு தரம் கேட்டான். நாய் குறுக்கே போனதற்கு நாயின் சொந்தக்காரனை அடிக்கப் போனான். கோழியைக்கூட "தள்ளிப் போம்மா" என்று சொல்கிற ஆள் அவன்.

ஊர் என்ன செய்தது? கும்பிட்டது. "காமன் எறங்கிட்டாரு. மொகத்துல ஒளி பாரு" என்று மேட்டு லயத்துப் பொம்பளைகள் அவன் வருகிற வழியில் தண்ணீர் தெளித்து வைத்தார்கள். ஒருத்தி சூடம் காட்டினாள். மெலிகிறவனைப் பார்த்து இத்தனை சந்தோஷப்பட்ட ஊரை நான் எங்கும் கண்டதில்லை. சோலைமலை மட்டும் கும்பிடவில்லை. பாதை ஓரத்தில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருப்பார். கஜேந்திரன் திரும்பினால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். கொழுந்துக் கூடையோடு போகும்போது சர்மிளா இதைக் கவனித்து வைத்திருந்தாள்.

அவள் செய்யாதது இல்லை. தேத்தண்ணியில் பால்மாவைக் கலந்தாள், மோந்து பார்த்துக் கொட்டினான். அழுதாள், அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தான்.

"ஒரே ஒரு வாய்ங்க. எனக்காக."

"ரதி அழுது மெலிஞ்சவ சர்மி. ரொட்டி தின்னு மெலிஞ்சவ இல்ல."

"ரதி ஓட்டோ ஓட்டலங்க!"

பிறை தெரிந்தது. காமனை ஊன்றினார்கள். சடங்குப்படி வேஷ உடுப்பு ரதி வீட்டுக்கு வந்தது. போட்டுப் பார்த்தான். கவ்வாத்துக் கத்தி பிடித்து உரமேறின கை இரண்டும் குச்சியாய்ப் போய், ரவிக்கைக் கையில் காற்று ஓடியது. இடுப்பில் மட்டும் கொக்கி இன்னும் இரண்டு விரலுக்கு எட்டவில்லை. உடம்பு அப்படித்தான் கணக்குப் பார்த்திருந்தது. வயிற்றில் சேமித்ததை விட மனசில்லாமல், கைச்சதையைக் கரைத்துச் செலவு நடத்தியிருந்தது. அவனுக்கு அது விளங்கவில்லை. இரண்டு விரல்தானே என்றான். தண்ணீரையும் குறைத்தான்.

கல்யாணத்துக்கு மஞ்சளும் பூவும் வாங்க, அடுத்த நாள் காலையில் சர்மிளாவை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் புறப்பட்டான். நீர்த்தேக்கத்தை ஒட்டி வளைந்து வளைந்து போகிற ரோடு. கீழே தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கியிருந்தது. வெடித்த சேற்றுக்கு நடுவில் பழைய கோவில், படி வரைக்கும் வெளியே வந்து நின்றது.

"சர்மி," என்றான் கஜேந்திரன். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "கோவில் கிட்ட வருது பாரு."

"என்னங்க?"

"கிட்ட வருது. கதவு தெறந்திருக்கு."

கோவில் வரவில்லை. ஓட்டோதான் போய்க்கொண்டிருந்தது. வளைவு வந்தது, அவன் கை திரும்பவில்லை. சர்மிளா பின்னாலிருந்து அவன் சுவெட்டரைப் பிடித்து இழுக்க, முன்சக்கரம் ரோட்டை விட்டு இறங்கி, கரையில் நின்ற யூகலிப்டஸ் மரத்தில் போய் மோதி நின்றது. அந்த மரம் இல்லாவிட்டால் இந்தக் கதையை நான் வேறு மாதிரி எழுதியிருக்க வேண்டும். முன்சக்கரம் அந்தரத்தில் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. ஹேண்டில்பாரில் சாய்ந்து கிடந்தவனை அவள் தனி ஆளாகத் தூக்கி வெளியே போட்டாள். தூக்குகிறபோது கொழுந்துக் கூடையைவிடப் பாரமில்லை என்று பட்டதாம். அதுதான் தன்னை நடுங்கவைத்தது, கீழே இருந்த பள்ளம் இல்லை என்றாள்.

மருந்துக்கார ஐயா வந்து சேலைன் ஏற்றினார். வாயில் சீனித் தண்ணீர் ஊற்றினார். "இனி ஒரு நேரம் பட்டினி கெடந்தான்னா என்னைக் கூப்பிடாதீங்க. வேற ஆளைத்தான் கூப்பிடணும்" என்றார். கண் முழித்த கஜேந்திரன் முதலில் கேட்டது, "ரவிக்கை எங்க?"

சர்மிளா ரவிக்கையை எடுத்துக்கொண்டு வாசல் திண்ணையான இஸ்தோப்பில், பட்டப்பகலில், லயமே பார்க்கக் குந்தினாள். சவரப் பிளேடு ஒன்றைப் பாதியாக உடைத்தாள்.

"அடியே, ஆகாதுடி!" என்று அந்த வீட்டிலிருந்து ஒரு குரல். "மலை மேல வந்துரும்டி!" என்று இந்த வீட்டிலிருந்து இன்னொன்று. யாரும் கிட்டே வரவில்லை. ஓடிப்போய்ச் சோலைமலையிடம் சொன்னார்கள். அவர் செருப்பும் போடாமல் வந்தார்.

"வைக்காத தாயி! ஊசி வைக்காத!"

"ஊசி இல்ல மாமா. பிளேடு."

ஒரு பக்கத் தையல் அதற்குள் பிரிந்துவிட்டது. மடிப்பு விரிந்தது. உள்ளே வெயில் படாத வெல்வெட், வெட்டின பீட்ரூட் மாதிரிப் பளீரென்று ஒரு கையகலம். அந்தக் கையகலத்தில் வரிசை வரிசையாக ஊசி ஓட்டை. ஒரு வரிசையில் மஞ்சள் நூல் துண்டு ஒட்டியிருந்தது, இன்னொன்றில் வெள்ளை. இதற்கு முந்தின ரதிகள் தடித்தபோது விட்டிருக்கிறார்கள், மெலிந்தபோது பிடித்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் உள்ளே, எல்லாவற்றையும்விட இறுக்கமாய், கறுப்பு நூலில் ஒரு தையல். சர்மிளா பிரித்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

"ஊசி படாத ரவிக்கையா மாமா இது?" என்றாள். "இந்தக் கறுப்பு நூலு யாரு வச்சது?"

சோலைமலை இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்தார்.

"நான்தான்."

கறுப்பு நூலைப் பார்த்தபடியே மேலே சொன்னார்.

"என் தம்பி சின்னத்தம்பி நல்லா வாட்டசாட்டமா இருப்பான். கொடி மாதிரி இருந்தான்னு இப்ப சொல்றாங்க, அது கடைசி வருசத்துல. சாப்பிட்டான், சாப்பிட்டது ஒட்டல. நாளுக்கு நாள் எறங்கினான். எல்லாரும் கும்புட்டாங்க. காமன் எறங்கிட்டாருன்னாங்க. நானும் கும்புட்டேன் தாயி. ரவிக்கை தொளதொளன்னு நிக்குதேன்னு நானே உக்காந்து பிடிச்சுக் குடுத்தேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கணும். ஊசியை எடுத்தேன். ஆடி பொறக்கல, ஆளு இல்ல."

"அப்ப அந்த மலை எறங்குனது?"

"எறங்குச்சு. அது அதுக்கும் ரொம்ப முந்தி. ஊசியைப் பாத்தாலே எனக்கு ஆகாமப் போச்சு. என்னத்தையாவது சொல்லித் தடுக்கணும்னு அதைச் சொன்னேன்."

சர்மிளா மடியில் கிடந்த வெல்வெட்டைப் பார்த்தாள். இத்தனை வருஷமாகத் தன் புருஷன் நுழைந்து வந்தது எந்த அளவுக்குள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சாகக் கிடந்த ஒருத்தனின் அளவு.

"இவர் மெலிஞ்சப்ப பாத்துக்கிட்டுத்தானே மாமா நின்னீங்க?"

"பாத்தேன். தம்பி மொகம்தான் தெரிஞ்சுச்சு. ஒடம்பை எறக்குன்னு சொன்னதும் நான். எந்த வாயால நிறுத்துன்னு சொல்றது?"

அவள் திட்டவில்லை. பிளேடை அவர் கையில் கொடுத்தாள்.

"மத்தப் பக்கம் நீங்களே பிரிங்க."

கிழவர் தான் போட்ட தையலை ஒவ்வொன்றாக அறுத்தார். நூல் உளுத்துப் போகவில்லை. நல்ல உறுதியான நூல்.

கஜேந்திரன் ரதி கட்டினான். நாள் தள்ளிவைத்து, கஞ்சியும் ரொட்டியுமாக உள்ளே போனபிறகுதான் கட்டினான். ஆட்டம் அரை ஆட்டம்தான், நாலு வீட்டுக்கு ஒருதரம் குந்தவைத்துத் தேத்தண்ணி கொடுத்தோம், சீனி போட்டு. ரவிக்கைக் கொக்கி லேசாக விழுந்தது, மூச்சு விட இடம் இருந்தது. சனம் தப்புச் சத்தத்தைக் கேட்கவில்லை. மேலே மலையையே பார்த்துக்கொண்டு நின்றது. கடைசி லயத்துக்கு வரும்போது மழை பிடித்தது, மாசியில் யாரும் எதிர்பாராத மழை. இரண்டு வீட்டுக்காரர்கள் பாயைச் சுருட்டினார்கள். மலை இறங்கவில்லை. நீர்த்தேக்கம்தான் ஒரு விரல் ஏறியது.

இப்போது அவன் மூன்று ரொட்டிக்காரன். ஓட்டோ கீழே ரோட்டில் நிற்கும், ஆள் ஏத்தத்தில் நடந்து வருவான். பட்டினியில் போனதில் பாதி சித்திரைக்குள் திரும்பி வந்து வயிற்றில் குந்திக்கொண்டது, கைச்சதைதான் இன்னும் வந்து சேரவில்லை. மற்றது கொஞ்சம் கொஞ்சமாக, மருந்துக்கார ஐயா சொன்ன வேகத்தில் இறங்குகிறது. மடுவத்துத் தராசில் முள் இறங்கினால் மற்றவர்கள் கைதட்டுவார்கள். சர்மிளா முள்ளைப் பார்ப்பதில்லை, அவன் கையைப் பிடித்துப் பார்ப்பாள்.

ரவிக்கை திரும்பப் பெட்டிக்குப் போய்விட்டது. பக்கத்தில் ஒரு ஊசியும் சிவப்பு நூல்கண்டும் இருக்கின்றன. ஆனால் வெல்வெட்டின் சங்கதி உங்களுக்குத் தெரியும், ஒருதரம் குத்தினால் ஓட்டை ஆறாது. கறுப்பு நூலை உருவி எடுத்த தடம் இரண்டு பக்கமும் அப்படியே இருக்கிறது, வெயிலில் பிடித்தால் ஓட்டைக்கு ஓட்டை வெளிச்சம் தெரிகிறது. சோலைமலை ஒவ்வொரு பொங்கலுக்கும் அதை விரலால் தடவிப் பார்க்கிறார். பார்த்துவிட்டு, அந்த வருஷம் லயத்தில் யார் மெலிந்திருக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போகிறார்.